நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்?

கடந்த மாதம் தகவல் பதியும் என் டெப் கணினியையும் அடையாள அட்டையையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். ஐம்பதைத் தொடும் முன்பே களத்தை விட்டதற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று கடிதத்தில் எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் இன்னொரு முறை அப்படி ஒரு வாரம் வந்தால் என் நெஞ்சு தாங்காது என்பதும் உண்மை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மாதிரி எடுப்பது, படிவம் நிரப்புவது, தரவைச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் ஐந்து நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை தொடங்கி வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை ஓடிய ஐந்து நாட்கள். இதை எழுதும்போதும் பாதி பயம். மீதிப் பாதி, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம். இந்த வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அதனால் நான் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இதில் வரும் பெண்களின் பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் எழுதச் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு யாருக்குப் போக வேண்டும் என்பதைப் புள்ளி போட்டுத் தீர்மானிக்கும் முறையை நீங்கள் படித்திருப்பீர்கள். சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா தகரமா, நிலம் சீமெந்தா டைல்ஸா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. வீடு நல்ல வீடாக இருந்தால் உதவி குறையும்; ஓர் எல்லையைத் தாண்டினால் பெயரே பட்டியலில் இராது. அந்த முறை சரியாக வேலை செய்கிறதா, உண்மையில் கஷ்டப்படுகிறவர்கள் யாராவது பட்டியலிலிருந்து தவறிவிட்டார்களா என்று பார்ப்பதே எங்கள் ஆய்வு. கல்முனைக் கரைக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் நான் களமேற்பார்வையாளர்.

எங்கள் முடிவு தெளிவாக இருந்தது. இந்தப் பகுதியில் பட்டியலிலிருந்து விழுந்தவர்களில் அநேகர் நல்ல வீட்டில் இருப்பவர்கள்; ஆகவே பெரிய தவறு எதுவும் நடக்கவில்லை. தலைமை ஆய்வாளர் அப்படியே எழுதிவிட்டார். வியாழக்கிழமை அதிகாரிகளின் கூட்டத்தில் அந்த அறிக்கையை வாசிப்பதாக ஏற்பாடு. அதைக் கேட்ட பிறகு, இந்தப் பகுதி வீடுகளை மறுபடி போய்ப் பார்க்கும் அவசியமில்லை என்று முடிவெடுப்பார்கள். விடுபட்டவர்கள் மேன்முறையீடு கொடுக்கக் கடைசி நாள் அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி.

களத் தரவு சரி என்று கையொப்பம் வைத்தவள் நான்.

திங்கட்கிழமை காலை வசந்தி என் மேசைக்கு வந்தார். அவர் மலையகத்தில் பிறந்து, கல்முனையில் பெண் பிள்ளை இல்லாத ஒரு மெதடிஸ்ட் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வயதில் எனக்குச் சற்று இளையவர். முன்பு எடுத்த தரவு சரியா என்று சொல்லாமல் கொள்ளாமல் சில வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை.

“மிஸ், ஒரு மடத்தனமான கேள்வி. சிரிக்கக்கூடாது.”

“கேளுங்க.”

“சனிக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன். முன் ரோட்ட வெட்டிப் போட்டிருக்காங்க, அதனால பின் ஒழுங்கையால போனேன். அந்த அம்மா, வீட்டுக்காரர், மகள், மூணு பேரும் பின்னால ஒரு தகரக் கொட்டில்ல இருக்காங்க. அங்கதான் அடுப்பு, அங்கதான் பாய், உடுப்பு எல்லாம். முன்னால பார்த்தா டைல்ஸ் போட்ட பெரிய வீடு. பூட்டிக் கெடக்கு. சொந்த வீட்டப் பூட்டிட்டு ஏன் மிஸ் அடுப்படியில படுக்கிறாங்க?”

நான் சிரித்துவிட்டேன்.

“அது மகள்ட வீடு வசந்தி. கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ள அங்கதானே வந்து இரிக்கிற. அதுக்கு முதல் இவங்க இருந்து பழசாக்குவாங்களா?”

“ஓ. அப்ப இவங்களுக்கு வீடு இல்லையா?”

“இரிக்கே, அதுதான் அந்த...”

நான் கையொப்பம் வைத்த படிவங்கள் நினைவுக்கு வந்தன.

உங்களில் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். பெண் குழந்தை பிறந்தவுடனேயே அத்திவாரத்தைப் பற்றிய கவலையும் பிறந்துவிடும். உம்மா குவைத்துக்குப் போவாள். வாப்பா கடலுக்கோ மில்லுக்கோ போவார். வருடத்துக்கு ஒரு சுவர் எழும்பும். வீடு உயர உயர அவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் அடுப்படிக் குசினிக்குள் போய்ச் சேருவார்கள். வீட்டு உறுதிப் பத்திரம் மகளின் பெயரில் இருக்கும். ஆனால் வெளியாள் ஒருவர் வந்தால் முன்வீட்டைத் திறந்து, கதிரையில் இருத்தி, பால் சேர்க்காத பிளேன்டி கொடுப்பது மரியாதை. அவர் போனதும் பூட்டிவிடுவார்கள்.

தகவல் எடுக்கப் போன எங்கள் ஆட்களும் வெளியாட்கள்தானே. டைல்ஸில் காலை வைத்துக்கொண்டு ‘நிலம்: டைல்ஸ்’ என்று அமுக்கினார்கள். அதில் பொய்யே இல்லை. அவர்கள் அத்தனை பேரும் இந்த ஊர்ப் பிள்ளைகள். முன்வீட்டில் யாரும் படுப்பதில்லை என்பது அத்தனை பேருக்கும் தெரியும்; தன் வீட்டிலும் அப்படித்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த விடயம் என்பதால்தான் ஒருவரும் அதை எழுதவில்லை. வசந்திக்குத் தெரியாது. அதனால் கேட்டார்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் என் வீட்டிலும் அதே கதை. மகளுக்கு இருபது வயது. அவளும் நானும் கணவரும் பின்னாலுள்ள இரண்டு சின்ன அறைகளில் இருக்கிறோம். முன்மண்டபத்துச் சோபாவின் பொலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. எனக்குச் சம்பளம் இருக்கிறது. எங்கள் அடுப்படியில் பசி இல்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அந்தப் பூட்டிய கதவைக் கடந்துதான் வேலைக்கு வந்து, ‘நல்ல வீட்டில் இருப்பவர்கள்’ என்ற வரிக்குக் கீழே கையொப்பம் வைத்திருக்கிறேன்.

கொழும்பிலிருந்த தலைமை ஆய்வாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் டொக்டர் என்போம்.

“இப்ப என்ன சொல்லுறியள்? எங்கட முடிவு பிழை எண்டோ?”

“பிழையாயிருக்கலாம் டொக்டர்.”

“இருக்கலாமோ, இருக்கோ? எத்தினை குடும்பம் இப்பிடி?”

“தெரியாது.”

“தெரியாத ஒண்டை நான் எப்பிடி எழுதுறது? நீங்கள்தானே சரியெண்டு கையெழுத்து வைச்சது?”

“ஓம். பிழை என்னிலதான். உதவி நிண்டு போன வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போறம். ரெண்டு நாள் தாங்க.”

திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“புதன்கிழமை பின்னேரம் ஆறு மணி,” என்றார். “ஆறு அஞ்சுக்கு வாற தரவு எனக்கு வேண்டாம்.”

அவரைப் பற்றி எனக்குப் பல முறைப்பாடுகள் உண்டு. ஆனால் அச்சுக்குத் தயாரான அறிக்கையை ஒரு ‘தெரியாது’வுக்காக நிறுத்தக்கூடிய ஒருவரிடம் வேலை செய்தேன் என்பதை இப்போதும் பெருமையாகச் சொல்வேன்.

கேள்வி வேண்டும். ஒரே ஒரு கேள்வி. ‘இந்த வீடு யாருடையது?’ என்று எழுதிக்கொண்டேன். இரண்டு நாளை அதில் செலவழிக்கும் முன் ஓர் இடத்திலாவது கேட்டுப் பார்ப்போம் என்று, வசந்தி போன அதே வீட்டுக்கு அன்று மத்தியானமே போனேன். அந்தப் பெண்ணை ஜெஸீமா என்று வைத்துக்கொள்வோம். என்னைவிட நாலைந்து வயது குறைவு. குவைத்தில் பல வருடம் வீட்டு வேலை செய்து கட்டிய வீடு. கணவர் அரிசி மில்லில் மூட்டை சுமந்தவர். முதுகு போய், இப்போது பாயோடு இருக்கிறார். மகள் உயர்தரம் முடித்தவள். கொடுப்பனவு வந்த காலத்தில் அதில்தான் அவருடைய மருந்து. நின்ற பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மருந்து.

முன் வாசலுக்குப் போய்விட்டேன், புத்தியில்லாமல். ஜெஸீமா ஓடிவந்து திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

“வாங்க மிஸ், உள்ளுக்கு வாங்க. இரிங்க.”

“இந்த வீடு யார்ட?”

“எங்கடதான்.”

“நீங்க இதுலதான் இரிக்கிறயா?”

“பின்ன எங்க இரிக்கிற?”

“சனிக்கிழம எங்கட ஆள் பின்பக்கத்தால வந்தவங்க, ஜெஸீமா.”

அவர் முகம் மாறிவிட்டது. கதவை ஒருக்களித்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெல்லக் கதைத்தார்.

“மிஸ், ஒங்களுக்கும் கலியாணத்துக்கு நிக்கிற குமர் இரிக்கிதானே? அல்லாஹ்வுக்காக இதக் கிளறாதீங்க. மகளுக்குப் பேச்சு நடக்குது. நல்ல இடம். மாப்பிள்ள மருந்து விக்கிற பாமசில வேல. ஐஸ் பெக்டரிக்குப் பின்னால வீடு. அவர்ட உம்மா ஒரு மாதிரியான ஆள், எல்லாத்தையும் விசாரிக்கிற. நான் மேன்முறையீடு போட்டா பேர நோட்டீஸ் போட்ல ஒட்டுவாங்க. அடுப்படியில கிடக்கிற குடும்பமா எண்டு கேட்டுப் பேச்ச விட்டிருவாங்க.”

“மருந்து?”

“அந்தக் காசு நிண்டா நிக்கட்டும் மிஸ். பேச்சு நிண்டா நான் என்ன செய்ற?”

நான் ஒரு தாய். அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. என் கேள்வி செத்துவிட்டது என்பதும் புரிந்தது. யாருடைய வீடு என்று கேட்டால் மானத்தைத்தான் பதிலாகச் சொல்வார்கள்.

எழுந்து வாசல் கடப்புவரை வந்துவிட்டேன். என்னைக் கோபமாக அனுப்ப மனமில்லாமல் ஜெஸீமாவும் கூடவே வந்தார். வழியனுப்பும்போது கதைக்கிற சும்மா கதை ஒன்றைத் தொடங்கினார்.

“ராவு என்ன மழை மிஸ்! தகரத்தில போட்டு அடிச்ச அடில ஒரு பொட்டு நித்திர இல்ல எங்களுக்கு.”

நான் திரும்பி அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். முன்வீட்டுக்கு ஓடு. தகரம் பின்னால்தான்.

அவரை மடக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, நம்புங்கள். எனக்குத் தோன்றியது வேறு. வீட்டைக் கேட்டபோது மறைத்தவர், இரவைப் பற்றித் தானாகவே சொல்கிறார்! படுப்பதிலும் சமைப்பதிலும் வெட்கமில்லை. சொத்திலும் பெயரிலும்தான் வெட்கம். ஒழுங்கையில் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் கிட்டத்தட்ட ஓடினேன். ஒரு கோழி தெறித்துப் பறந்தது. ஓட்டோக்காரர் “என்ன மிஸ், யாரும் மௌத்தா?” என்று, சாவுச் செய்தியோ எனப் பயந்து கேட்டார். “இல்ல, இல்ல, நல்ல விசயம்!” என்று கத்தினேன்.

புதிய படிவத்தில் மூன்றே கேள்விகள். நேற்று இரவு வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எங்கே படுத்தீர்கள்? இன்று காலை எந்த அடுப்பில் சமைத்தீர்கள்? அந்த இடத்தின் கூரையும் நிலமும் எதனால் ஆனது? எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும், விருப்பமில்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று எங்கள் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தந்திரம் செய்து எடுக்கும் பதில் பதிலே இல்லை. இன்னொன்றும் சொன்னேன். முன்வாசலால் போகாதீர்கள். ஒழுங்கையால் போங்கள், திறப்பை எடுக்க ஓடினால், “வேணாம் சாச்சி, இதுலயே இரிக்கன்” என்று அடுப்படி வாங்குப் பலகையில் உட்காருங்கள்.

செவ்வாயும் புதனும் என் தொலைபேசி சூடாகவே இருந்தது.

“மிஸ், ஏழு பேர் மிஸ்! ஏழு பேருக்கும் ஒரு குசினி. முன்னுக்குப் பூட்டு.”

“மிஸ், நான் ஆலையடிவேம்பில நிக்கிறன். இங்க எங்கட தமிழ்ச் சனமும் அதே கததான். எங்கட அம்மாவே அப்பிடித்தான் படுக்கிறா, இப்பதான் யோசிக்கிறன்.”

வரிப்பத்தான்சேனைக்குப் போன இருவருக்கும் அறுவடை நாள். வீடுகளில் ஆள் இல்லை. வரம்பில் நின்றே கேட்டார்கள். ஒரு மனிசி அரிவாளைக் கீழே வைக்காமலே, “எங்க படுத்தயா? கட்டில்லயா படுத்த எண்டு கேக்குறீங்களா? நெல்லு மூட்ட கட்டில்ல, நான் நிலத்தில!” என்று வயல் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாளாம்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சில வீடுகளில் முன்வீட்டிலேயே படுக்கிறார்கள், கூலருக்கு முன்னால். அங்கே பழைய முடிவு சரிதான். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன். நமக்குப் பிடித்த பதில் வரத் தொடங்கும்போதுதான் மற்றப் பதிலைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிபோல வந்த படிவங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தது. ஐஸ் பெக்டரிக்குப் பின்னால். கணவரை இழந்த பெண். மகன் பாமசியில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்கென்று கட்டிய முன்வீடு முடிந்திருக்கிறது, மற்றது பாதியில் நிற்கிறது. நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்? எல்லோரும் குசினியில்.

டெப்பை மேசையில் குப்புறப் போட்டேன். ஜெஸீமாவைப் பயங்காட்டிக்கொண்டிருக்கும் அதே மாப்பிள்ளையின் உம்மா. இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விடயத்தை மறைக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் அறிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அது தெரிந்தது, பெயர் வெளியே போகாது என்று எங்கள் ஆள் வாக்குக் கொடுத்ததால்.

ஆறு மணிக்கு முன் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டோம். வியாழக்கிழமை கூட்டத்தில் டொக்டர் முதல் வரியிலேயே, “எங்கள் முன்னைய முடிவு தவறானது” என்று வாசித்தார். என்னைச் சுட்டிக்காட்டவில்லை. நானே எழுந்து, களத்தில் நேர்ந்த பிழை என்னுடையது என்று சொல்லி, எப்படி நேர்ந்தது என்பதையும் விளக்கினேன். கதிரையைப் பிடித்துக்கொண்டே கதைத்தேன்.

தலைமை தாங்கிய அதிகாரி பொறுமையான மனிதர். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“இவ்வளவு குடும்பம் கஷ்டப்படுதெண்டா, இங்கயிருந்து மேன்முறையீடு ஏன் வரல்ல?”

“வெக்கத்தில சேர்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

“சரி. நாளைக்கு நாலு மணிக்குள்ள கடிதம் தாற ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்புறன். முன்வீட்டப் பாக்காம, படுக்கிற இடத்தப் பாக்கச் சொல்றன். ஆனா கடிதம் தராத ஆளுக்கு நான் ஒண்டும் செய்ய ஏலா மிஸ்.”

ஆய்வு வென்றுவிட்டது. ஆனால் ஆய்வு வென்றதால் யாருக்கும் மருந்து கிடைக்காது. இதை நீங்கள் எப்போதும் நினைவில் வையுங்கள். நம் அறிக்கைக்கும் ஒருவரின் கைக்கும் நடுவில் எப்போதும் ஒரு கடைசிப் படி இருக்கும், அந்தப் படியில் ஏற அவருக்கு ஏதாவதொரு பயம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் எல்லோரும் தாங்கள் போன வீடுகளுக்குத் திரும்பிப் போய்க் கடைசி நேரத்தைச் சொன்னார்கள். ஜெஸீமாவிடம் நானே போனேன். ஜும்ஆத் தொழுகை நேரம் பார்த்துப் போனேன். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். ஒழுங்கையில் பெண்கள் மனம்விட்டுக் கதைக்கக் கூடிய ஒரு மணித்தியாலம் அது. ஜெஸீமாவின் கணவரையும் யாரோ ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள்.

இந்த முறை பின்பக்கத்தால் போய், அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பலகையில் உட்கார்ந்தேன். மேன்முறையீட்டுப் படிவத்தை எடுத்து வைத்தேன். அதிகாரி சொன்னதைச் சொன்னேன்.

“ஏலா மிஸ்,” என்றார். “நான் செல்லிட்டன்தானே.”

“இண்டைக்கு விட்டா மறுகா வாய்ப்பில்ல.”

“நீங்க செல்றது லேசு. அந்த மனிசி அறிஞ்சா என்ன நினைப்பா? நீங்க அவட வாயக் கண்டதில்ல.”

அந்த மனிசி நேற்று இரவு படுத்த இடம் என் பையிலிருந்த டெப்பில் இருந்தது. ஒரு வசனம். ஒரே ஒரு வசனம் சொன்னால் ஜெஸீமாவின் பயம் போய்விடும், கையொப்பம் விழும், மருந்து வரும். யாருக்கும் கெடுதல் இல்லை, நல்லதுதானே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். ஒருவர் நம்மை நம்பித் தந்ததை, இன்னொருவரின் நன்மைக்காகக்கூட நாம் எடுத்துக் கொடுக்க முடியாது. இது விதிப்புத்தகத்தில் இருப்பதால் சொல்லவில்லை. ஜெஸீமாவைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நான் சொன்னால் இவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். டெப் இருந்த பையை எனக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

பிறகு, எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையுள்ள ஒன்று என்னிடமும் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

“ஜெஸீமா, நான் ராவு எங்க படுத்த தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“குசினிக்குப் பக்கத்து அறையில. நிலத்தில பாய் போட்டு. மகளும் நானும் ஒரு பாய். எங்கட வீட்டுக்காரருக்கு அடுத்த அறை, அதுக்குள்ள அரிசி மூட்டையும் மோட்டர்சைக்கிளும். முன்வீட்டச் சாவி போட்டுப் பூட்டி ஆறு வருசம்.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“பொய் செல்றீங்க.”

“வந்து பாருங்க. என் மகளுக்கும் இப்பதான் பேச்சு வரத் தொடங்கியிரிக்கி. ஒபிஸ்ல ஒரு ஆளுக்கும் நான் இதச் செல்லல்ல. ஒங்களுக்குத்தான் செல்றன். ஒங்களுக்கு விருப்பமெண்டா ஊருக்குச் செல்லுங்க.”

அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கியது. அவர் மூடியை எடுத்து வைத்தார். திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

“மோட்டர்சைக்கிளோடயா சார் படுக்கிற?”

“ஓம். எண்ணெய் மணத்தில.”

“யா அல்லாஹ்!” சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுப் பேனை கேட்டார். மகள் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “வாப்பாக்கு மருந்து முக்கியமா, இந்த டைல்ஸ் முக்கியமா உம்மா?” என்றாள். “நீ வாயப் பொத்து, மாப்பிள்ள வீட்டாருக்கு முன்னால இப்படிக் கதைச்சிராத,” என்று திட்டிக்கொண்டே ஜெஸீமா கையொப்பம் வைத்தார்.

“ஆனா தனிய போக மாட்டன். நீங்களும் வாங்க தாத்தா.”

எங்கள் ஊரில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அதுவரை நான் அவருக்கு மிஸ்.

ஜெஸீமாவின் கணவர் வந்து சாப்பிட்ட பிறகு புறப்பட்டு, பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சேர மூன்றரை. முற்ற வளவுக்குள் கால்வைத்ததும் நின்றுவிட்டேன். வரிசை வாசலைத் தாண்டி மாமரம்வரை நின்றது! எல்லோரும் பெண்கள். எங்கள் ஆட்கள் போன ஒவ்வொரு அடுப்படியிலிருந்தும் யாராவது ஒருவர் வந்து நின்றார்கள். சிலர் சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வசந்தி என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார், கிரிக்கெட்டில் வென்ற மாதிரி.

ஜெஸீமா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

“தாத்தா. அவ நிக்கிறா.”

வரிசையின் நடுவில் பருமனான ஒரு பெண்; மாப்பிள்ளையின் உம்மா. ஜெஸீமாவைக் கண்டதும் அவரும் அப்படியே நின்றுவிட்டார். ஜெஸீமா படிவத்தை அபாயாவுக்குள் தள்ளினார். அந்தப் பெண்ணின் கையும் தன் படிவத்தை மடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். யாரும் ஸலாம்கூடச் சொல்லவில்லை. மணி நாலாகக் கால்மணி இருந்தது.

“நான் போறன்,” என்றார் ஜெஸீமா, வாய்க்குள்.

எதைச் சொன்னாலும் ஒருவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அவர் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்தான் முதலில் அசைந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து, படிவத்தை எல்லோருக்கும் தெரியும்படி விசிறி மாதிரி வீசிக்கொண்டார்.

“அங்க என்னத்துக்கு வெயில்ல நிக்கிறீங்க? இஞ்ச வாங்க, எனக்குப் பின்னால நில்லுங்க. நான் மூணு மணிக்கே வந்து இடம் புடிச்சன்.”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “எங்கட ஆள்தான், சும்மா இரிங்க!” என்று அவர் ஓர் அதட்டுப் போட்டார். ஜெஸீமா மெல்லப் போய் அவருக்குப் பின்னால் நின்றார். படிவம் இன்னும் அபாயாவுக்குள்தான்.

பிறகு அந்தப் பெண் திரும்பாமலே கேட்டார்.

“எங்கட குசினில புக போக வழியே இல்ல. ராவைக்குப் படுத்தா கண் ரெண்டும் எரியிது. ஒங்கடயில யன்னல் இரிக்கா?”

ஜெஸீமா நிமிர்ந்து அவர் முதுகைப் பார்த்தார். படிவத்தை வெளியே எடுத்தார்.

“ஒண்டு இரிக்கி மாமி. சின்னன்.”

“அப்ப நீங்க வசதியான ஆக்கள்தான்,” என்றார் அவர்.

வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வரிசை ஓரடி நகர்ந்தது. இருவரும் சேர்ந்து நகர்ந்தார்கள்.